மூன்று ஆசனமும் ஒரு குடிநீர் ஏரியும்

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமாருக்கான பயிற்சி நாளில் ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழர் ஒருவர் ஆற்றிய உரை. பேசியபடியே தரப்படுகிறது.)



போன கூட்டத்தில் கீழ்ப் பிரிவுத் தலைவர் ஐயா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "டீச்சர், சபையில நம்ம ஆள் மூணு பேர். மூணு பேர் போய் என்னத்தக் கிழிக்கப் போறாங்க?" எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போன பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஏனென்றால் அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நமது நிலைமை உங்களுக்குத் தெரியும். பிரதேச சபையில் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. வரவு செலவுத் திட்ட வாக்கெடுப்பு வருகிறது. நம் மூன்று பேரின் கை உயர்ந்தால் நிறைவேறும், உயராவிட்டால் நிறைவேறாது. அதே சபையின் ட்ராக்டர்தான் மேல்மலைக்குப் பின்னால், நம் பீலிக்கு மேலே இருக்கும் பள்ளத்தில், டவுன் குப்பையைக் கொண்டுவந்து கொட்டுகிறது. மழை பெய்தால் அந்தத் தண்ணீர் எங்கே வரும் என்று சொல்ல எஞ்சினியர் வேண்டியதில்லை. என் வகுப்பில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை சொல்லும்.

அதனால் இன்றைக்கு ஒருவருடைய கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். அவரும் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. அவருடைய கட்சிக்கும் சபையில் மூன்று ஆசனம்தான் இருந்தது. நாடு கனடா. கனடா என்றதும் சிலருக்கு ஏஜென்சிக்காரன் ஞாபகம் வரும். விசா கதை இல்லை, பயப்பட வேண்டாம்.

கனடாவின் மேற்குக் கரையில் பிரித்தானிய கொலம்பியா என்று ஒரு மாகாணம். மலையும் காடும் மழையும் உள்ள இடம். அந்த மாகாணத்தைச் சேர்ந்த வன்கூவர் தீவில் ஷோனிகன் ஏரி என்று ஓர் ஏரி இருக்கிறது. ஏரியின் பெயர்தான் ஊருக்கும். அங்கே ஆயிரக்கணக்கானோர் குடிப்பது அந்த ஏரித் தண்ணீரைத்தான். ஏரிக்கு மேலே, நீர் வடிந்து வரும் சரிவில், ஒரு கல்குவாரி. 2013இல் மாகாணச் சுற்றாடல் அமைச்சு அந்தக் குவாரிக்காரருக்கு ஓர் அனுமதிப் பத்திரம் கொடுத்தது. வேறு இடங்களில் தோண்டி எடுத்த நஞ்சு மண்ணை, அதாவது எண்ணெய்க் கழிவும் பார உலோகமும் ஊறிய மண்ணை, அங்கே கொண்டுவந்து புதைக்கலாம். ஆண்டுக்கு 100,000 தொன் வரை. 50 ஆண்டுக்கு. குடிக்கிற ஏரிக்கு மேலே!

ஊர் மக்கள் திரண்டார்கள். அவர்களில் ஒருவர் சோனியா ஃபேர்ஸ்டனோ. வரலாறு படித்தவர், உயர்நிலைப் பள்ளியில் கற்பித்தவர். அரசியல் குடும்பம் இல்லை. அதற்கு முன் எந்தத் தேர்தலிலும் வென்றவரும் இல்லை. 2014 நவம்பரில் அவர் கொவிச்சன் பள்ளத்தாக்கு உள்ளூர் சபைக்கு ஷோனிகன் ஏரிப் பகுதியின் பிரதிநிதியாகத் தெரிவானார். நம்முடைய பிரதேச சபைக்குக் கிட்டத்தட்ட சமமான சபை அது.

அந்தத் திகதியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அதற்கு முந்திய மாதம், 2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியபெத்தையில் நம் சனத்தின் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த மலை ஆபத்தானது என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே எச்சரித்திருந்தது. கடிதம் இருந்தது. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சபையிலே எழுந்து நின்று, "இதற்குப் பதில் சொல்லுங்கள்" என்று ஒவ்வொரு மாதமும் கேட்க ஆள் இருக்கவில்லை. ஷோனிகன் ஏரியில் அப்படி ஓர் ஆள் இருந்தார். அங்கேயும் இங்கேயும் மழை ஒன்றுதான்.

ஆனால் சபைக்குப் போனதும் வெற்றி வந்துவிடவில்லை. 2015 மார்ச்சில் சுற்றாடல் மேன்முறையீட்டுச் சபை, அனுமதிப் பத்திரம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. நஞ்சு மண் லொறி லொறியாக மேலே போனது. ஊர்ச் சனம் பாதையோரத்தில் நின்றது. மாகாண சட்டசபைக் கட்டடத்துக்கு முன்னால் ஆர்ப்பாட்டம் செய்தது. காசு சேர்த்து வழக்கறிஞர் வைத்தது. அங்கே ஊர்வாசிகள் சங்கம் ஒன்று இருந்தது, நம் தோட்டக் கமிட்டி மாதிரி. வழக்கை நடத்தியது அந்தச் சங்கம். சோனியாவின் வேலை வேறு. சபைக்குள் கேள்வி கேட்பது, அமைச்சருக்கு எழுதுவது, வந்த பதிலை ஊருக்கு வாசித்துக் காட்டுவது. இந்த இரண்டு வேலையையும் ஒரே ஆளின் தலையில் கட்டினால் ஆள் உடைந்துபோவார். நம் தோட்டங்களில் நடப்பது அதுதான். தலைவரே கடிதம் எழுத வேண்டும், தலைவரே லேபர் ஒபிஸ் போக வேண்டும், தலைவரே செத்த வீட்டுக்கும் நிற்க வேண்டும்.

வழக்கில் ஒரு விடயம் வெளியே வந்தது. "இந்த இடம் பாதுகாப்பானது" என்று சான்று சொன்ன பொறியியலாளர்களுக்கும் குவாரிக்காரருக்கும் இடையே இலாபத்தைப் பங்கு போடும் ஓர் ஒப்பந்தம் இருந்திருக்கிறது. மேன்முறையீட்டுச் சபைக்கு இது ஒழுங்காகச் சொல்லப்படவில்லை. 2017 ஜனவரியில் நீதிமன்றம் அந்தச் சபையின் தீர்ப்பை இரத்துச் செய்தது. சபையைத் தவறாக வழிநடத்தியிருக்கிறார்கள் என்பது காரணம். அடுத்த மாதம் சுற்றாடல் அமைச்சர் அனுமதிப் பத்திரத்தையே இரத்துச் செய்தார். என்ன காரணம் சொன்னார் தெரியுமா? ஏரி கெட்டுப்போகும் என்றல்ல. கம்பனி கட்ட வேண்டிய பிணைப் பணத்தை உரிய நாளுக்குள் ஒழுங்கு செய்யவில்லை என்று!

இதை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். நான்கு வருஷம் சனம் தண்ணீர், தண்ணீர் என்று கத்தியது. கடைசியில் பத்திரத்தை விழுத்தியது ஒரு கெடு தவறிய பத்திர வேலை. எனக்கு அதில் கோபமும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. ஆனால் அந்தக் கெடுவை யாராவது கவனித்துக்கொண்டே இருக்காவிட்டால் அதுவும் சத்தமில்லாமல் நீடிக்கப்பட்டிருக்கும் என்பதை மறக்கக்கூடாது. சனம் கண்ணை எடுக்கவில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அனுமதி போனதே தவிர, ஏற்கெனவே கொட்டிய மண் போகவில்லை. மேலே மூடி, அங்கேயே விட்டுவைத்தார்கள். ஊர் கேட்டது அதை அல்ல.

சரி, இனி மாகாண அரசியல்.

அந்த மாகாணத்தில் அப்போது பெரிய கட்சி இரண்டு. ஒன்று லிபரல் கட்சி. 2001 முதல் 16 வருஷம் ஆட்சியில் இருந்தது, முதலாளிமாருக்கு நெருக்கம். மற்றது புதிய ஜனநாயகக் கட்சி. தொழிற்சங்கங்களின் ஆதரவு உள்ள கட்சி. மூன்றாவது, சின்னது, பசுமைக் கட்சி. காடு, நீர், காலநிலை என்று பேசுகிறவர்கள். 2013இல் அன்ட்ரூ வீவர் என்ற காலநிலை விஞ்ஞானி அவர்களுடைய முதல் மாகாண உறுப்பினராகத் தெரிவானார். கனடாவில் எந்த மாகாண சட்டசபைக்கும் பசுமைக் கட்சிக்காரர் ஒருவர் போனது அதுதான் முதல் தடவை. நான்கு வருஷம் தனி ஆள்.

2017 மே 9ஆம் திகதி தேர்தல். அனுமதிப் பத்திரம் இரத்தாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. சோனியா கொவிச்சன் பள்ளத்தாக்குத் தொகுதியில் பசுமைக் கட்சிக்காக நின்று வென்றார். மொத்தம் 87 ஆசனம். லிபரல் 43. புதிய ஜனநாயகக் கட்சி 41. பசுமைக் கட்சி 3: வீவர், சோனியா, பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்த அடம் ஒல்சன்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 44 வேண்டும். யாரிடமும் இல்லை. மூன்று பேருக்கு இரண்டு பெரிய கட்சியும் கதவைத் தட்டுகிறது.

இந்த இடத்தில் நம் நாட்டில் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இரவோடிரவாக வாகனம் வரும். மூன்று பேருக்கும் பிரதி அமைச்சர் பதவி, ஒருவருக்கு ஏதாவது கூட்டுத்தாபனத் தலைவர் பதவி, மறுநாள் மாலை போட்ட படம் பத்திரிகையில். மலையகத்து வாக்கை வைத்துப் பேரம் பேசிய வரலாறு நமக்குப் புதிதல்ல. சில நேரம் அதனால் நன்மையும் வந்தது. பிரசாவுரிமை விடயத்தில் அப்படிப் பேசித்தான் பெற்றோம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எத்தனை தடவை, கொடுத்தது எது, வாங்கியது எது என்று எழுத்தில் இருந்தது?

அவர்கள் செய்தது வேறு. பேச்சுவார்த்தைக் குழு ஒன்று அமைத்தார்கள். அதில் சோனியாவும் இருந்தார். அந்த மாதம் 30ஆம் திகதி புதிய ஜனநாயகக் கட்சியோடு ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பம் போட்டார்கள். பதவி கேட்கவில்லை. அமைச்சர் ஒருவர்கூட இல்லை. நம்பிக்கை வாக்கெடுப்பிலும் வரவு செலவுத் திட்டத்திலும் ஆதரவு தருவோம். மற்ற எல்லாவற்றிலும் எங்கள் மனப்படி வாக்களிப்போம். பதிலுக்கு நீங்கள் செய்ய வேண்டியவை இவை இவை என்று வரிசையாக எழுதி, ஊருக்கே தெரியும்படி வெளியிட்டார்கள். ஜூன் 29ஆம் திகதி லிபரல் அரசாங்கம் நம்பிக்கை வாக்கெடுப்பில் 44க்கு 42 என்று விழுந்தது. ஜூலையில் ஜோன் ஹோர்கன் முதல்வரானார்.

மூன்று பேர் பதினாறு வருஷ ஆட்சியை விழுத்தினார்கள். இது கீழ்ப் பிரிவுத் தலைவர் ஐயாவின் கேள்விக்குப் பாதிப் பதில். மீதிப் பாதி அவ்வளவு இனிப்பில்லை.

ஒப்பந்தத்தால் கிடைத்ததை முதலில் சொல்கிறேன். தேர்தலில் பெரிய கம்பனிகள் கட்சிகளுக்குக் கோடிக்கணக்கில் காசு கொடுத்து வந்தன. அதைத் தடை செய்யும் சட்டம் 2017இலேயே வந்தது; தனி ஆள்தான் கொடுக்கலாம், அதுவும் அப்போது ஆண்டுக்கு 1,200 டொலருக்கு மேல் இல்லை. அதே சட்டம் தொழிற்சங்கங்கள் கட்சிக்குக் காசு கொடுப்பதையும் தடை செய்தது. இங்கே எனக்கு உறுத்துகிறது. கம்பனிக்காரன் கொடுக்கும் இலாபப் பணமும், கொழுந்து எடுத்த கையால் கட்டின சந்தாவும் ஒன்றா? அவர்கள் ஒன்று என்றார்கள். பசுமைக் கட்சி சட்டம் வருவதற்கு முந்திய வருஷமே இரண்டையும் வாங்க மாட்டோம் என்று அறிவித்துவிட்டது, சொன்னபடியும் நடந்தது, அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். அந்த விளக்கம் பிடிக்கவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது, சங்கக்காரர் நாம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. அங்கே ஒரு வேலைத்தலத்தில் புதிதாகச் சங்கம் அமைக்க, தொழிலாளர்கள் அங்கத்துவ அட்டையில் கையொப்பம் போடுவார்கள். போதிய ஆள் கையொப்பம் போட்டாலே சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது சங்கங்களின் கோரிக்கை. இல்லை, அதற்குப் பிறகு இரகசிய வாக்கெடுப்பும் நடத்த வேண்டும் என்பது முதலாளிமாரின் விருப்பம். ஏன் விருப்பம்? கையொப்பத்துக்கும் வாக்கெடுப்புக்கும் இடையில் கிடைக்கும் நாட்களில் மிரட்டலாம், ஆசை காட்டலாம். நமக்குத் தெரியாத விளையாட்டா இது? 2019இல் தொழிற் சட்டத்தைத் திருத்தியபோது, இந்த வாக்கெடுப்பை நீக்க நாங்கள் ஆதரவு தரமாட்டோம் என்று பசுமைக் கட்சி சொல்லிவிட்டது. மூன்று வாக்கு இல்லாமல் அரசாங்கத்தால் முடியாது. வாக்கெடுப்பு அப்படியே இருந்தது. கெடுவை மட்டும் குறைத்தார்கள். 2022இல், பசுமைக் கட்சியின் வாக்கு தேவைப்படாத பெரும்பான்மை வந்த பிறகுதான், 55 சதவீதம் கையொப்பமிட்டால் போதும் என்று சட்டம் வந்தது.

தண்ணீருக்காக நின்ற கட்சி, காட்டுக்காக நிற்கும் கட்சி, தொழிலாளி சங்கம் அமைக்கும் இடத்தில் நம்மோடு நிற்கவில்லை. சுற்றாடல் என்று பேசுகிறவர்கள் எல்லோரும் தொழிலாளி பக்கம் என்று நாம் நினைத்துக்கொள்ளக் கூடாது. நமக்கே அடி விழுந்திருக்கிறது. 2021 மே மாதம் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடை செய்தார்கள். பேர் என்னவோ பசுமை விவசாயம். நவம்பரில் கைவிட்டார்கள். இடையில் மலையில் கொழுந்து இல்லை. கிலோ குறைந்தால் யாருடைய பேர் அரைப் பேரானது? அந்த வருஷம் என் வகுப்பில் மத்தியானச் சாப்பாடு கொண்டுவராத பிள்ளைகளின் எண்ணிக்கை எனக்கு இன்னும் மனப்பாடம். மேலே இருந்து, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வந்த பசுமை அது. ஷோனிகன் ஏரியில் நடந்தது கீழே இருந்து வந்தது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பாவிக்கிறோம் என்பதுதான் குழப்பம்.

திரும்ப சோனியாவிடம் வருகிறேன். ஆதரவு கொடுத்த மூன்றரை வருஷத்தில் அவர்களுக்கு வயிற்றெரிச்சல் நிறைய. பீஸ் நதியில் சைட் சீ என்று ஒரு பிரம்மாண்டமான அணைக்கட்டு. பசுமைக் கட்சி அதைக் கடுமையாக எதிர்த்தது. 2017 டிசம்பரில் ஹோர்கன் அரசாங்கம் தொடர்ந்து கட்டுவோம் என்று முடிவெடுத்தது. 2019இல் திரவ எரிவாயுத் தொழிலுக்கு வரிச் சலுகை. இரண்டு பெரிய கட்சியும் சேர்ந்து வாக்களித்தன, எதிர்த்து நின்றது அந்த மூன்று பேர்தான். எதிர்த்தார்கள், பேசினார்கள், ஆனால் ஆட்சியை விழுத்தவில்லை. விழுத்தியிருந்தால் என்ன? தேர்தல் வந்திருக்கும், ஒப்பந்தத்தில் இருந்த மற்றவையும் போயிருக்கும். தேர்தல் முறையை மாற்றுவதற்கான மக்கள் வாக்கெடுப்பு அதில் ஒன்று.

அவர்களுடைய முறையில் ஒரு தொகுதியில் அதிக வாக்கு எடுத்தவர் மட்டும் போவார். மாகாணம் முழுவதும் பரந்து கிடக்கும் சின்னக் கட்சிக்கு வாக்கு இருக்கும், ஆசனம் இருக்காது. விகிதாசார முறை வேண்டும் என்று கேட்டார்கள். நம் நாட்டில் அந்த முறை இருப்பதால்தான் பதுளையிலும் கண்டியிலும் இரத்தினபுரியிலும் சிதறி இருக்கும் நம் சனத்துக்குக் கொஞ்சமாவது இடம் கிடைக்கிறது. தொகுதி முறைக்குத் திரும்புவோம் என்று கொழும்பில் யாராவது பேசும்போது நம் காது விறைக்க வேண்டும். 2018இன் கடைசியில் தபால் மூலம் வாக்கெடுப்பு நடந்தது. 61.3 சதவீதம் பேர் பழைய முறையே போதும் என்றார்கள். பசுமைக் கட்சிக்கு அது பெரிய அடி.

2020 ஜனவரியில் வீவர் கட்சிக் குழுவை விட்டு விலகிச் சுயேச்சையாக உட்கார்ந்தார். செப்டெம்பர் 14ஆம் திகதி சோனியா கட்சித் தலைவரானார். ஒரு வாரம். சரியாக ஒரு வாரம் கழித்து, 21ஆம் திகதி, ஹோர்கன் தேர்தலை அறிவித்துவிட்டார். கொரோனா நேரம், அரசாங்கத்துக்கு நல்ல பெயர். அடுத்த வருஷம்தான் தேர்தல் நடக்க வேண்டும் என்று சட்டம், நான்கு வருஷமும் சேர்ந்து போவோம் என்று ஒப்பந்தம், இரண்டும் இருந்தன. ஒப்பந்தத்தை உடைத்தது சின்னக் கட்சி இல்லை, பெரிய கட்சி. முன்னாள் தலைவர் வீவரோ அந்தத் தேர்தலில் ஹோர்கனுக்கே ஆதரவு தெரிவித்தார்.

எழுத்தில் வாங்கினால் எல்லாம் சரி என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். எழுத்தையும் உடைப்பார்கள். ஆனால் எழுத்தில் இருந்தால் யார் உடைத்தது என்று ஊருக்குத் தெரியும்.

அந்தத் தேர்தலில் தலைவர்களின் தொலைக்காட்சி விவாதம் நடந்தது. இனம், நிறம் பற்றி ஒரு கேள்வி. உங்களுக்குக் கிடைத்திருக்கும் வெள்ளைக்காரச் சலுகையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்கிற மாதிரி. ஹோர்கன், தான் மனிதரில் நிறம் பார்ப்பதில்லை என்ற கருத்தில் பதில் சொல்லி, பிறகு மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. சோனியா, ஒடுக்கப்பட்டவர்கள் அனுபவிப்பதைத் தான் அனுபவிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு பேசினார். அன்றைய இரவு அவரைப் பாராட்டாதவர் குறைவு. "நான் எல்லோரையும் ஒன்றாகத்தான் பார்க்கிறேன்" என்று நம்மிடம் சொல்லும் அதிகாரிமார் எத்தனை பேரைப் பார்த்திருப்போம்! நாம் லயத்தில் இருக்கிறோம், அவர் பங்களாவில் இருக்கிறார், ஒன்றாகப் பார்க்கிறாராம்.

முடிவு? புதிய ஜனநாயகக் கட்சி 57, லிபரல் 28, பசுமைக் கட்சி 2. சோனியாவும் ஒல்சனும் வென்றார்கள். இன்னொரு தொகுதியில் அவர்கள் தோற்றது வெறும் 60 வாக்கால். 60 வாக்கு என்பது நம் தோட்டத்தில் மூன்று லயம்.

பெரும்பான்மை அரசாங்கத்துக்கு முன்னால் இரண்டு பேர். நான்கு வருஷம் சோனியா அங்கே இருந்தார். அந்தக் காலத்தில் ஃபெயாரி கிறீக் என்ற இடத்தில் நூற்றுக்கணக்கான வருஷப் பழைய மரங்களை வெட்டுவதற்கு எதிராக மக்கள் பாதையை மறித்தார்கள். 1,100 பேருக்கு மேல் கைதானார்கள். பசுமைக் கட்சி மறித்தவர்கள் பக்கம் பேசியது. மரம் வெட்டுவதை நம்பி வாழும் தொழிலாளர் குடும்பங்களும் அந்தத் தீவில் இருக்கின்றன. அந்தக் காட்டுக்கு உரிமையுள்ள பழங்குடியினரின் தலைவர்களோ, வெளியாட்கள் வெளியேற வேண்டும், எங்கள் காட்டைப் பற்றி நாங்கள் முடிவெடுப்போம் என்றார்கள். யார் சரி? நான் ஒரு பக்கம் நின்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஒரு வேலையை நிறுத்து என்று சொல்கிறவர், நிறுத்தினால் அந்தத் தொழிலாளியின் அடுப்பு எப்படி எரியும் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். அதை மட்டும் சொல்வேன்.

2024 தேர்தலுக்கு முன் தொகுதி எல்லைகளை மாற்றி வரைந்தார்கள். சோனியா தன் பழைய இடத்தை விட்டு, தலைநகர் விக்டோரியாவில் ஒரு தொகுதியில் நின்றார். ஆளும் கட்சியின் வேட்பாளரிடம் தோற்றார். எல்லை மாறியது உண்மை. ஆனாலும் ஏரித் தண்ணீருக்காகத் தன்னை அனுப்பிய சனத்தின் நடுவில் நின்று தோற்றிருந்தால் எனக்கு மனசு ஆறியிருக்கும். இது என் சொந்த அபிப்பிராயம்.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். 93 ஆசனத்தில் புதிய ஜனநாயகக் கட்சிக்கு 47. ஒரே ஓர் ஆசனப் பெரும்பான்மை. ஒரு தொகுதியின் வித்தியாசம் 22 வாக்கு. பசுமைக் கட்சிக்கு மறுபடியும் 2 ஆசனம். அதில் ஒன்று, முன்பு 60 வாக்கால் தோற்ற அதே ஆள், அதே தொகுதி. டிசம்பரில் மறுபடியும் கதவு தட்டப்பட்டது, மறுபடியும் எழுத்தில் ஓர் உடன்பாடு. ஆசனத்தை இழந்த சோனியாதான் அப்போதும் கட்சித் தலைவர். 2025 ஜனவரியில் அவர் தலைமைப் பதவியிலிருந்து விலகினார். உள்ளூர் சபையில் தொடங்கி மொத்தம் பத்து வருஷம்.

நமது மாகாண சபைகளை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஊவாவில் 2014 செப்டெம்பரில் நடந்ததுதான் நாட்டில் கடைசி மாகாண சபைத் தேர்தல். அதற்குப் பிறகு எல்லாச் சபையும் ஆளுநர் கையில். பாடசாலைக் கட்டடம், ஆஸ்பத்திரி, பாதை என்று நம் வாழ்க்கையில் பாதி அந்தச் சபைக்குக் கீழே. அங்கே எழுந்து கேட்க ஒருவரும் இல்லை. பிரதேச சபையாவது இருக்கிறது. அதிலும் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்படும்வரை, சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்க முடியாது என்று தட்டிக் கழித்தார்கள். நம்மிடம் வாக்கு வாங்கலாம், நம் பாதைக்குக் கல் போட முடியாது! இப்போது அந்தச் சாக்குப் போய்விட்டது. நுவரெலியா, அம்பகமுவ சபைகளைப் பிரித்து, 2018 பெப்ரவரியில் ஆறு சபைக்குத் தேர்தல் வைத்ததும் சும்மா கிடைத்ததல்ல. கேட்டுக் கேட்டுக் கிடைத்தது.

இனி நம்முடைய மூன்று பேருக்கு வருகிறேன். தலைவர் அவர்கள் அனுமதித்தால் ஒரு யோசனை. வரவு செலவுத் திட்டத்துக்குக் கை உயர்த்துவதா இல்லையா என்று நம் உறுப்பினர்கள் தனியாக, யாருடைய வீட்டிலோ உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டாம். என்ன கேட்கிறோம் என்பதை நாம் எழுதிக் கொடுப்போம். குப்பைப் பள்ளத்துக்கு ட்ராக்டர் போவது எந்தத் திகதியில் நிற்கும், கொட்டினதை எப்போது அள்ளுவீர்கள், அதுவரை கீழ்ப் பிரிவுக்கும் பாக்டரி லயத்துக்கும் பவுசரில் தண்ணீர் யார் கொண்டுவருவது. இந்த மூன்றும் போதும். முப்பது கேட்டால் ஒன்றும் கிடைக்காது. சபைத் தவிசாளர் கையொப்பம் போட்ட பிரதி ஒன்று ஒவ்வொரு பிள்ளைக் காம்பராச் சுவரிலும் ஒட்டப்பட வேண்டும். நம் உறுப்பினர்களில் யாருக்காவது இது சங்கடம் என்றால் இங்கேயே, இப்போதே சொல்லட்டும். பிறகு வீட்டில் சொல்ல வேண்டாம்.

ட்ராக்டர் ஓட்டுகிற தம்பியும், குப்பை அள்ளுகிறவர்களும் தொழிலாளிகள்தான். அவர்களோடு சண்டைக்குப் போக வேண்டாம். போன வாரம் மேல்மலையில் யாரோ கல் எறிந்ததாகக் கேள்விப்பட்டேன். அது நம் வேலை இல்லை. அவர்களிடம் கையுறைகூட இல்லை, பார்த்தீர்களா?

இந்த மேசையில் மூன்று போத்தல் வைத்திருக்கிறேன். ஒன்று மேல் பீலி, ஒன்று நடுப் பீலி, ஒன்று பள்ளிக்கூடக் குழாய். மூன்றும் போன செவ்வாய்க்கிழமை மழைக்கு அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு எடுத்தது. திகதியும் இடமும் ஒட்டியிருக்கிறேன். நடுவில் இருக்கிற போத்தலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், திறக்க வேண்டாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஐயாவை நேரில் கண்டு பேசினேன். ஆய்வுக்கு எடுக்கும் மாதிரியை அவரே வந்து, அவருடைய சுத்தமான போத்தலில் எடுக்க வேண்டும், அப்போதுதான் செல்லும் என்றார். அவர் வருகிற நாளில் ஒவ்வொரு பீலியடியிலும் இரண்டு பேர் நிற்க வேண்டும். மலைக்குப் போகிறவர்கள் முடியாது. ஓய்வுபெற்ற அம்மாமார் நிற்கலாம். பெயர் கொடுக்கிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், கொப்பி கையில் இருக்கிறது. சபைக் கூட்டம் வருகிற வியாழக்கிழமை. பார்வையாளர் பகுதியில் இருபது பேர் உட்காரலாம் என்று சொன்னார்கள். முதல் பெயராகக் கீழ்ப் பிரிவுத் தலைவர் ஐயாவின் பெயரை எழுதிவிட்டேன், அவர் மன்னிக்க வேண்டும்.